பருமன் நடையும் எல் சைஸ் டி-ஷர்ட்டும்

1. எரர்

ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது என்னை வார்டிலிருந்து எடுத்து கேம்ப் இன்சார்ஜ் ஆக்கினார்கள். முட்டி வலிக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டது நான்தான். கொடுத்த வேலையில் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி. ரத்ததான முகாம், கண் முகாம், சர்க்கரை முகாம் என்று எது நடந்தாலும் பந்தல்காரரோடு சண்டை போடுவதில் ஆரம்பித்து கடைசி நாற்காலியை வண்டியில் ஏற்றுவது வரை கேம்ப் இன்சார்ஜ் தலையில்தான் விழும். இதைப் படிக்கிற இளம் நர்ஸுகள் யாருக்காவது அந்தப் பதவியைக் கொடுக்க வந்தால், இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு லீவு போட்டுவிடுங்கள்.

முகாம் இல்லாத நாட்களில் ஓ.பி.யும் என் பொறுப்பு. முதல் நாளே அங்கே ஒரு கலாட்டா. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் லேடி செக்யூரிட்டியாக இருக்கும் அமுதா வந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது. தொப்புளுக்குப் பக்கத்தில் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே தள்ளும். எடை பார்த்துக்கொண்டு வரும்படி சர்ஜன் அனுப்பியிருந்தார். எங்கள் எடை மெஷின் நூற்றிருபது கிலோ வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் எரர் என்று எழுத்து வரும், கூடவே 'பீப்' என்று கத்தும். அன்றைக்கும் கத்தியது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அட்டெண்டர் முருகேசன் கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகப் பேச மட்டும் அவருக்குத் தெரியாது.

"சிஸ்டர், இந்தம்மாவ மிஷின் தாங்கல. கிச்சன் ஸ்டோர்ல அரிசி மூட்ட எட போடற தராசு கீது. அங்க இட்டுகினு போவட்டா?"

அமுதா இறங்கிச் செருப்பை மாட்டினாள். "நான் இன்னா மூட்டையா, தூக்கி வெச்சி எட போட?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. ஓ.பி. சீட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் சர்ஜனிடம் போனேன். அவர் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "பத்து கிலோ குறையணும் சிஸ்டர், சுகரும் எறங்கணும். இல்லன்னா மயக்க மருந்து குடுக்க முடியாது. ஆனா அந்தம்மா வராமயே இருந்துட்டா ஒரு நாள் குடல் சிக்கிக்கும். அப்ப உயிருக்கே ஆபத்து. எப்படியாவது திருப்பிக் கூட்டிட்டு வாங்க."

ஐந்து முறை போன் செய்தேன். ஆறாவது முறை எடுத்தாள். "நாலு பேரு பாக்கறாப்புல ஏத்துவீங்கன்னா வரமாட்டேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை மதியம், ஓ.பி. முடிந்த பிறகு வா என்றேன். வீட்டில் இருந்த எடை மெஷினை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். ஸ்க்ரீனை இழுத்து மூடிவிட்டு, ஆஸ்பத்திரி மெஷினையும் வீட்டு மெஷினையும் ஒட்டிப் போட்டு, ஒரு கால் இதில் ஒரு கால் அதில் வைக்கச் சொன்னேன். இரண்டையும் கூட்டினால் நூற்று முப்பத்து நான்கு. நோயாளிக்கு வேண்டிய ஒரு சாமானுக்காக நர்ஸ் வீட்டிலிருந்து பை தூக்கிக்கொண்டு வரவேண்டிய நிலைமை. அன்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் அமுதா வந்தாள். செவ்வாய்தோறும் தவறாமல் வந்தாள். கம்பெனி கேண்டீனில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கொடுக்கிற பரோட்டாவை நிறுத்தினாள். நான்கு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினாள். இன்னும் நான்கு கிலோ. எனக்கு அந்த நான்கு கிலோதான் கணக்கு.

2. போண்டாவோடு ஒரு மீட்டிங்

அமுதா மாதிரி அந்த ஓ.பி.யில் முப்பது பேர் இருந்தார்கள். இருநூறு கிலோவுக்கு மேல் காட்டுகிற மெஷின், பெரிய கைக்குப் பொருந்துகிற பி.பி. பட்டை, கைப்பிடி இல்லாத அகல நாற்காலி இவ்வளவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கிருபாகரன் அதைப் படித்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். உற்சாகமாகிற மேனேஜரைப் போல ஆபத்து வேறு இல்லை.

"சிஸ்டர், வாங்கிடலாம். ஆனா சும்மா வாங்கக்கூடாது. ஒரு வாக்கத்தான் வெப்போம். நிதியும் வரும், விழிப்புணர்வும் வரும், ஆஸ்பத்திரி பேரும் பேப்பர்ல வரும்."

கமிட்டி கூடியது. உடல் பருமன் விழிப்புணர்வு நடைக்கான முதல் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு போண்டாவும் ஒரு மைசூர்பாகும் வைத்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. போண்டாவைத் தின்றுவிட்டேன் என்பதால் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஸ்பான்சர் யார் என்று கேட்டேன். ஆவடியில் ஒரு ஸ்வீட் கடைக்காரர். நடந்து முடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு மிக்சர் பாக்கெட் அவர் உபயம்.

"சார், குண்டா இருக்கறவங்க ஆரோக்கியத்துக்காக நடக்கறோம். முடிச்சதும் மிக்சர் குடுத்தா எப்படி சார்?"

"சின்ன பாக்கெட்தான் சிஸ்டர்" என்றார் கிருபாகரன்.

அடுத்தது பேனர். தலை இல்லாத ஒரு தொப்பை, அதைச் சுற்றி இஞ்ச் டேப். கீழே 'கொழுப்பைக் கொல்வோம்' என்று சிவப்பில் எழுத்து. இதை முப்பது நோயாளிகள் முன்னால் தூக்கிக்கொண்டு போனால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் தொப்பையை எடுத்துவிட்டு சூரியோதயம் போட்டார்கள். கொழுப்பைக் கொல்வது அப்படியே இருந்தது. அதற்கு மேல் போராட எனக்குத் தெம்பில்லை.

கோஷம் எழுதுகிற பொறுப்பு எங்களிடம் பயிற்சிக்கு வரும் நர்சிங் காலேஜ் பிள்ளைகளுக்கு. 'விரட்டுவோம் விரட்டுவோம், குண்டு உடம்பை விரட்டுவோம்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். "யாரை விரட்டப் போறீங்க? நம்ம பேஷண்டையா?" என்று கேட்டேன். 'நாமும் நடப்போம், நலமாய் இருப்போம்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். பிரமாதம் ஒன்றும் இல்லைதான். யாரையும் விரட்டாமலாவது இருந்தது.

முப்பது நோயாளிகளுக்கும் போன் செய்து பேர், வயசு, போன் நம்பர், டி-ஷர்ட் சைஸ் நான்கையும் லிஸ்டில் எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். அமுதா வரிசையை மட்டும் நானே எழுதினேன். அவள்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்தாளே.

அவள் முதலில் வரமாட்டேன் என்றாள். "சிஸ்டர், எஸ்டேட்ல பாதி பேருக்கு என்னத் தெரியும். கேட்ல நிக்கறவ ரோட்ல நடந்தா சிரிப்பானுங்க."

"யாரு சிரிக்கிறாங்கன்னு நான் பாக்கறேன். நீ என் பக்கத்துல நட. யாரும் உன்ன ஒரு மாதிரியா பாக்காம பாத்துக்கறது என் பொறுப்பு" என்றேன். அப்படி ஒரு வாக்கை நான் கொடுத்திருக்கக்கூடாது. அவள், "சரி, வர்றேன்" என்றாள்.

3. ஞாயிறு காலை

ஆறு மணிக்கு மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் பக்கத்தில் கூடி, எஸ்டேட் ரோடு வழியாக ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டரை கிலோமீட்டர் நடப்பது ஏற்பாடு. நான் ஐந்தரைக்கே போய் நின்றேன். நர்சிங் காலேஜிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடும். ஒருத்தியும் ஐம்பது கிலோவைத் தாண்டமாட்டாள். பருமன் நடைக்கு நடப்பதெல்லாம் ஒல்லிக்குச்சிகள். வருவதாகச் சொன்ன முப்பது நோயாளிகளில் பதினோரு பேர் வந்தார்கள். அதில் அமுதாவும் ஒருத்தி. புதுச் சுடிதார் போட்டு, தலையில் பூ வைத்து, வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாகப் பட்ட பாடெல்லாம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டி-ஷர்ட் பெட்டிகளைப் பிரித்தார்கள். மஞ்சள் நிறம், முதுகில் ஸ்வீட் கடை பெயர். எஸ், எம், எல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான்கு பெட்டியையும் நானே கவிழ்த்துத் தேடினேன். எல்லுக்கு மேல் ஒரே ஒரு டி-ஷர்ட்கூட இல்லை.

மாணவிகளுக்கு எல்லாம் பொருந்தியது. சிலருக்குத் தொளதொளவென்றுகூட இருந்தது. பதினோரு நோயாளிகளில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மற்றவர்கள் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அமுதா ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கொடியசைக்க வேண்டிய முன்னாள் கவுன்சிலர் வரவில்லை. ஆறரைக்கு வரவில்லை. ஏழுக்குப் போன் போட்டால் 'கிளம்பிட்டாரு' என்றார்கள். சர்ச்சில் ஏழு மணி ஆராதனையை விட்டுவிட்டு வந்தவள் நான். போதகர்கூட எங்களை இவ்வளவு நேரம் காக்க வைத்ததில்லை. வெயில் ஏறியது. முட்டி வலிக்காரர்கள் பஸ் ஸ்டாப் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழேகாலுக்குக் கார் வந்தது.

கிருபாகரன் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் பேனர் பின்னாடி வாங்க. டி-ஷர்ட் போட்டவங்க மட்டும் முன்னாடி. போடாதவங்க கொஞ்சம் பின்னாடி போயிடுங்க. போட்டோல யூனிஃபார்மா தெரியணும்."

ஒன்பது நோயாளிகளும் பின்னால் போனார்கள். அமுதா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் நகர்ந்தாள். யாருக்காக இந்த நடையோ அவர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். முன்னால் ஐம்பது கிலோப் பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் பொறுமை அத்தோடு முடிந்தது.

நேராகப் போய் மைக்கைப் பிடுங்கி ஆஃப் செய்தேன். "சார், உங்களுக்கு மனசாட்சி இருக்கா? உடல் பருமனுக்கு நடக்கற நடைக்கு எல் சைஸ் வாங்கறவர இன்னைக்குத்தான் பாக்கறேன். குண்டா இருக்கறவங்க வருவாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? அவங்களுக்குத்தான சார் இது?"

எல்லோரும் கேட்டார்கள். முன்னாள் கவுன்சிலரும் கேட்டார். கிருபாகரன் முகம் சுருங்கிவிட்டது. அவர் சண்டைக்காரர் இல்லை. கையில் இருந்த ஃபைலைத் திறந்து லிஸ்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"சிஸ்டர், லிஸ்ட்ல இருக்கறதத்தான் ஆர்டர் குடுத்தேன். பாருங்க, பேஷண்ட் முப்பது பேருக்கும் எல்லுன்னுதான் எழுதியிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? இந்தா, உங்க அமுதா பேருக்கு நேராகூட எல்லுதான். இது யார் கையெழுத்து?"

என் கையெழுத்துதான். 'அமுதா, 42', போன் நம்பர், 'L'. எழுதிய விதம்கூட நினைவுக்கு வந்தது. சைஸ் கட்டத்துக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆறு கிலோ குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் சைஸ் கேட்டு அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று, சட்டென்று எல் போட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பிள்ளைகளும் அதையேதான் செய்திருந்தார்கள். பிறகு கேட்டபோது, "எப்படி சிஸ்டர் கேக்கறது, மனசு கஷ்டப்படுமே" என்றார்கள். இத்தனைக்கும் நர்ஸுகள் நாங்கள். பெட்பேன் வைக்கிறவர்கள், மலம் எத்தனை முறை போனது என்று வெட்கமில்லாமல் கேட்கிறவர்கள். சட்டை அளவு கேட்க மட்டும் கூச்சம்.

திரும்பிப் பார்த்தேன். அமுதா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். லிஸ்டைப் பார்த்துவிட்டாள். தோளில் கிடந்த டி-ஷர்ட்டை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"டூட்டி கீது சிஸ்டர். நான் கெளம்பறேன்."

அன்று அவளுக்கு டூட்டி இல்லை. வார லீவு என்று அவளே சொல்லியிருந்தாள்.

முன்னாள் கவுன்சிலர் கொடியசைத்தார், இருபது அடி நடந்தார், காரில் ஏறினார். நாங்கள் இரண்டரை கிலோமீட்டரும் நடந்தோம். பிள்ளைகள் மறந்துபோய்ப் பழைய கோஷத்தையே போட்டார்கள். நான் அதட்டவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதட்டுவது? ஆஸ்பத்திரி வாசலில் பொங்கல், வடை, கேசரி, மிக்சர். நிதி போதுமான அளவு வந்தது என்று கிருபாகரன் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

4. கேட்

அடுத்த செவ்வாய் ஸ்க்ரீன் பக்கத்தில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். அமுதா வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. சர்ஜன் வராந்தாவில் பார்த்து, "அந்த ஹெர்னியா பேஷண்ட் என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டார். வருவாங்க சார் என்றேன். பயமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் முருகேசனைக் குறை சொல்ல முடியாது, கிருபாகரனைக் குறை சொல்ல முடியாது. எல் என்று எழுதியவள் நான்.

மூன்றாவது செவ்வாய் மதியம் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். இரண்டு மணி ஷிஃப்டு மாறுகிற நேரம். கேட்டில் பெண்கள் வரிசை. அமுதா நீல யூனிஃபார்மில் நின்று ஒவ்வொருத்தியாகச் செக் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் வரிசையிலேயே நின்றேன். என் முறை வந்தது.

"பேக்கத் தொறங்க" என்றாள். திறந்தேன். "இடுப்புல, பாக்கெட்ல செக் பண்ணுவேன். பண்ணட்டா?" என்று கேட்டாள். பண்ணு என்றேன். மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். ஒரு நொடியில் முடிந்தது.

"அமுதா, தப்பு என் மேலதான். நான் சைஸ் கேட்டிருக்கணும். உன் மனசு புண்படுமேன்னு கேக்கல" என்றேன்.

அவள் அடுத்த பெண்ணை நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். அதுவரைக்கும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு மாறிவிட்டது.

"பதினோரு வருசமா இந்த கேட்ல நிக்கறேன். ஒரு நாளைக்கு எரநூறு பொம்பளைங்க ஒடம்பத் தொட்டுப் பாக்கறேன். ஒருத்தியும் கோச்சுக்கினது கெடயாது. ஏன்னு தெரியுமா? மூஞ்சிக்கு நேரா கேப்பேன், அவ சரின்னுவா, அப்பறம்தான் தொடுவேன். நீ இன்னா பண்ண? என் எதுருல குந்திகினு, என்னக் கேக்காமயே எனக்கு ஒரு அளவு எழுதிட்ட. முருகேசன் கத்தனான். ஆனா பொய் எழுதல."

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் டாக்டர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், மேட்ரனிடம் வாங்கியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றேன். "உன் சைஸ் என்ன?"

"ஃபோர் எக்ஸெல். கழுத்து லூசா இர்க்கணும்."

"வெயிட்டு ஏறிடுச்சா?"

"ஏறாம? ரெண்டு வாரமா கேண்டீன் பரோட்டாதான். கோவத்துல இன்னா திங்கறோம்னு தெரியுமா?"

"வயித்துல வலி?"

பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தாள். "நேத்து ஒரு தபா உருண்ட உள்ள போவல. அமுக்கிப் பாத்தேன், போவல. படுத்துகினு கொஞ்ச நேரம் பொறுத்து அதுவா போச்சு. பயமா கீது சிஸ்டர்" என்றாள்.

இதைத்தான் சர்ஜன் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்று நான் அந்த கேட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சூப்பர்வைசரிடம் நானே பேசினேன். மாற்று ஆள் வந்ததும் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிதியில் வாங்கிய புது மெஷின் வந்திருந்தது. ஏறினாள். நூற்று முப்பது. பீப் அடிக்கவில்லை. "கரெக்டா காட்டுதா?" என்று கேட்டாள். காட்டுது என்றேன்.

சர்ஜன் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இனி பத்து கிலோவுக்குக் காத்திருக்க வேண்டாம், சுகரை மட்டும் இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். மயக்க மருந்து டாக்டரிடம் அவரே பேசிச் சம்மதிக்க வைத்தார். பன்னிரண்டு நாள் வார்டில் படுக்க வைத்து சுகரை இறக்கினார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் கேண்டீன் பரோட்டா கிடைக்காமல் அவள் என்னைத் திட்டிய திட்டு வேறு கதை.

5. கற்றுக்கொண்டது

இளம் நர்ஸுகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நோயாளியின் மனம் நோகக்கூடாது என்று நாம் கேட்காமல் விடுகிற கேள்விகளில் பாதி, நம்முடைய கூச்சத்துக்காக விட்டவை. கூச்சம் நம்முடையது, கஷ்டம் அவர்களுடையது. எடையா, அளவா, குடிப்பழக்கமா, எதுவாக இருந்தாலும் தனியாக உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில் கேளுங்கள். சொல்வார்கள். சொல்லாவிட்டால் அது அவர்கள் உரிமை. அதற்குப் பதிலாக நீங்களே ஒன்றை எழுதி வைக்காதீர்கள். மேனேஜர்களும் பேனர்களும் மிக்சர் பாக்கெட்டுகளும் என்றைக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களைத் திட்டித் தீர்ப்பதற்கு முன்னால், லிஸ்டில் நம் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அமுதாவுக்கு ஆபரேஷன் நடந்த காலை, தியேட்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"சிஸ்டர், அந்த ஹெர்னியா பேஷண்டுக்கு எந்த சைஸ் கவுன் எடுக்கறது? நம்மகிட்ட இருக்கறது பத்துமான்னு தெரியல."

"பேஷண்ட் எங்க இருக்காங்க?"

"இங்கதான். என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

"அப்ப என்னை ஏன் கேக்கற? போன வெச்சிட்டு அவங்களக் கேளு" என்றேன்.